வல்லநாட்டுக்காரருக்கு ‘டெல்லி’ என்ற அடைமொழி எப்படி வந்தது?

2024 நவம்பர் 9-ஆம் தேதி இரவு நடிகர் டெல்லி கணேஷ் சென்னையில் காலமானார். வயது 80. அஞ்சலி செலுத்த வந்த திரையுலகத்தினருக்கு நடுவே விமானப் படையினரும் வந்தார்கள். படையின் கொடியை அவர் உடல்மீது போர்த்தி வணக்கம் செலுத்தினார்கள். அவரைப் படங்களில் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அது புரியாத காட்சி. சினிமா நடிகருக்கு எதற்கு விமானப் படைக் கொடி? கூடவே இன்னொரு குழப்பம். சிலர் அவரை நெல்லைக்காரர் என்கிறார்கள், சிலர் தூத்துக்குடிக்காரர் என்கிறார்கள். பெயரிலோ டெல்லி இருக்கிறது.

இந்த முடிச்சுகளைத் தனித்தனியாக அவிழ்க்க முடியாது. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். வேலை அவரை டெல்லிக்குக் கொண்டுபோனது. டெல்லியில் மேடை ஏறினார். அந்த மேடைதான் சினிமாவுக்கு வழிவிட்டது. 400 படங்களுக்கு மேல் அவருக்குக் கைகொடுத்த தொழில் நுணுக்கமும் அங்கே படிந்ததுதான்.

கொடி எதற்கு?

கணேஷ் 1964 முதல் 1974 வரை பத்தாண்டுகள் இந்திய விமானப் படையில் வேலை பார்த்தவர். நடிப்பு பிழைப்பாவதற்கு முன்பு மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

மறைந்தவர்களுக்குச் செய்யப்படும் மரியாதையில் இரண்டு வகை உண்டு. பேச்சுவாக்கில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகிவிடுகின்றன.

1. அரசு மரியாதை. இதை அறிவிப்பது மாநில அரசு. காவல் துறையினர் வானை நோக்கித் துப்பாக்கியால் சுட்டு விடை கொடுப்பார்கள். 2021-இல் விவேக்குக்கும் 2023-இல் விஜயகாந்துக்கும் நடந்தது இதுதான்.

2. படை மரியாதை. முன்னாள் வீரர் ஒருவருக்கு, அவர் வேலை பார்த்த படை செய்வது. எத்தனை படம் நடித்தார், என்ன விருது வாங்கினார் என்ற கணக்குக்கு இதில் இடம் கிடையாது.

டெல்லி கணேஷின் உடல்மீது கிடந்த கொடி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. படையை விட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தும் அந்த உறவு அறுந்துபோகவில்லை.

நெல்லையா, தூத்துக்குடியா?

இரண்டும் சரி. அவர் 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வல்லநாட்டில் பிறந்தார். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் வருகிற ஊர். வெளிமான் சரணாலயத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர். அவர் பிறந்தபோது அது திருநெல்வேலி மாவட்டம். 1986-இல் மாவட்டத்தைப் பிரித்துச் சிதம்பரனார் மாவட்டம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். இன்றைய தூத்துக்குடி மாவட்டம் அதுதான். வல்லநாடு புதிய பக்கம் போய்விட்டது. அதற்குள் கணேஷ் சினிமாவுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக, பிறந்த கணக்கில் நெல்லை. இன்றைய வரைபடத்தில் தூத்துக்குடி.

டெல்லியில் என்ன தமிழ் நாடகம்?

மையமான கேள்வி இதுதான். தலைநகரத்தில், இந்தியும் பஞ்சாபியும் புழங்கும் ஊரில், தமிழ் நாடகத்துக்கு ஆள் ஏது?

நிறையவே இருந்தார்கள். மத்திய அரசு அலுவலகங்கள் டெல்லியில் குவியக் குவிய, சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் தெரிந்த தமிழர்கள் ரயில் ஏறிப் போனார்கள். கரோல் பாக் பகுதி அவர்களுடைய பேட்டையாக இருந்தது. டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி அங்கிருந்துதான் வாசிக்கப்பட்டது. பின்னால் மேடையிலும் திரையிலும் பெயர் பெற்ற பூர்ணம் விஸ்வநாதன் அங்கே செய்தி வாசித்தவர்களில் ஒருவர். மாலை ஆறு மணிக்கு அலுவலகம் முடிந்து, சொந்த பாஷையில் நாலு பேரோடு பேச ஏங்குகிற கூட்டம் அது. அப்படிப்பட்ட இடத்தில் நாடகக் குழு முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தட்சிண பாரத நாடக சபா அவ்வாறு டெல்லியில் இயங்கிய குழு. விமானப் படை வேலையில் இருந்தபடியே கணேஷ் அதில் நடித்தார். ‘டெல்லி’ குமார் என்று இன்னொரு நடிகரும் நமக்கு உண்டு. மெட்டி ஒலி தொடரில் ஐந்து பெண்களின் அப்பாவாக வந்தவர். இரண்டு ‘டெல்லி’கள் இருப்பது தற்செயல் மாதிரித் தோன்றவில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் நடிப்பு விளைந்த ஊர்களில் அதுவும் ஒன்று.

மூன்று கணேசன்கள்

1974-இல் படையை விட்டபிறகு அவர் சென்னையில் மேடை நாடக நடிகர் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கினார். கணேஷுக்கு அதுவே முதல் படம். பிழைப்பைத் தேடிச் சென்னைக்கு வரும் கிராமத்துக் குடும்பம் சிதறிப்போகிற கதை. ‘டெல்லி’ என்ற அடைமொழியைச் சூட்டியவரும் பாலசந்தரே.

அடைமொழி எதற்கு? தமிழ் சினிமாவில் கணேசன்களுக்குப் பஞ்சமில்லை என்பது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். சிவாஜி ராவ் என்ற இளைஞரை ரஜினிகாந்த் ஆக்கியவரும் பாலசந்தர்தான். அங்கேயும் ஏற்கெனவே ஒரு சிவாஜி இருந்தார். ஆனால் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழப்பம் தவிர்ப்பதைவிடச் சுவையான ஒன்று தெரிகிறது.

1. சிவாஜி கணேசன். அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததால் பெரியார் வழங்கிய பெயர். சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே உண்டு உறங்கி, பாட்டும் வசனமும் கற்று வளரும் பாய்ஸ் கம்பெனி மரபில் வந்தவர். பெயரில் இருப்பது ஒரு பாத்திரம்.

2. ஜெமினி கணேசன். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். ஸ்டூடியோக்கள் நடிகர்களையும் தொழிலாளர்களையும் மாதச் சம்பளத்தில் வைத்திருந்த காலத்தின் அடையாளம். பெயரில் இருப்பது ஒரு நிறுவனம்.

3. டெல்லி கணேஷ். பகலில் சர்க்கார் வேலை, மாலையில் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை நாடகம் என்று, பிழைப்புக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக ஆடும் அமெச்சூர் சபா மேடையிலிருந்து வந்தவர். பெயரில் இருப்பது வேலைக்காகப் போன ஊர்.

கம்பெனி, ஸ்டூடியோ, சபா. தமிழ் நடிகர்கள் எங்கே தயாரானார்கள் என்பதன் மூன்று கட்டங்கள் இந்த மூன்று பெயர்களில் வரிசையாக நிற்கின்றன. (மேஜர் சுந்தரராஜன், தேங்காய் சீனிவாசன் போன்ற பெயர்கள் நாடகப் பாத்திரத்திலிருந்து வந்தவை, வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய் போன்றவை படத்தின் பெயரிலிருந்து வந்தவை. இதைத் தொடர்ந்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

சபா மேடை என்ன கற்றுக்கொடுத்தது?

சபா என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடலாம். அது உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும் கலைச் சங்கம். கச்சேரி, நடனம், நாடகம் என்று நிகழ்ச்சிகளைச் சபா ஏற்பாடு செய்யும். சந்தாதாரர்கள் வந்து பார்ப்பார்கள். ஒரு நாடகக் குழு ஒரே அரங்கில் மாதக்கணக்கில் ஆடாது. இந்த வாரம் ஒரு சபா, அடுத்த வாரம் இன்னொரு சபா என்று சுற்றும். நடிகர்களில் பெரும்பாலோருக்கு வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ நிரந்தர வேலை இருக்கும். பாலசந்தரே ஏ.ஜி. அலுவலகத்தில் (அரசுக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர்தான்.

இந்த ஏற்பாடு நடிப்பை எப்படி மாற்றுகிறது என்பதுதான் முக்கியம்.

1. ஊர் ஊராகத் தூக்கிப் போக வேண்டியிருப்பதால் செட் எளிமையாக இருக்கும். ஒரு சோபா, ஒரு கதவு, ஒரு தொலைபேசி போதும். கண்ணுக்குத் தீனி குறைவு என்பதால் எல்லாச் சுமையும் வசனத்தின் தலையில் விழும்.

2. மேடையில் தொங்கும் மைக்குகள் சில இடங்களில்தான் குரலை ஒழுங்காகப் பிடிக்கும். எங்கே நின்று, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, எவ்வளவு அழுத்திச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போகும் என்று நடிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உச்சரிப்பு தானாகவே சுத்தமாகிவிடும்.

3. சிரிப்புக்கு இடம்விட வேண்டும். சபையோர் சிரித்து அடங்குவதற்குள் அடுத்த வசனத்தைச் சொன்னால் அது யார் காதிலும் விழாது. ரொம்பக் காத்திருந்தால் தொய்ந்துவிடும். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. ஒரே நாடகத்தை வெவ்வேறு கூட்டத்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஆடினால்தான் கை வரும்.

4. எடுத்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். சிரிப்பு வசனம் ஒருவருடையது. அதற்கு முன்னால் வரும் சாதாரண வசனம் மற்றவருடையது. முன்வசனம் ஒரு விநாடி தவறினாலும் சிரிப்பு செத்துப்போகும். ஆனால் கைதட்டல் முன்வசனக்காரருக்குக் கிடைக்காது.

நாலாவது பாடம்தான் டெல்லி கணேஷின் மூலதனம் என்பது என் கணிப்பு. கைதட்டல் வராத இடத்தில் நின்று, வர வேண்டியவருக்கு அதை வரவழைப்பது. கச்சேரியில் பக்கவாத்தியம் செய்கிற வேலை.

பாலசந்தர், விசு, மௌலி, கிரேஸி மோகன் என்று வசனத்தை நம்பி எழுதியவர்கள் சபாவிலிருந்து சினிமாவுக்கு வந்த காலம் அது. எழுதுகிறவர்கள் மேடைக்காரர்கள் என்றால் பேசுவதற்கும் மேடைக்காரர்கள்தானே தேவைப்படுவார்கள்? அந்தத் தேவையின் நடுவில் அவர் வந்து நின்றார்.

குணச்சித்திர நடிகர் என்றால் யார்?

கதாநாயகன், கதாநாயகி, வில்லன், நகைச்சுவை என்ற நாலு பெட்டிக்குள் அடங்காதவரை அழைக்கும் சொல் இது. அப்பா, மாமா, மேனேஜர், வாத்தியார், வக்கீல் எல்லாம் இவர்கள் கணக்கில் வரும். ஒரு படத்தில் சில நாள் கால்ஷீட் கொடுத்தால் போதும், அடுத்த படத்துக்குப் போய்விடலாம். 1977-க்கும் 2024-க்கும் இடையே 47 ஆண்டுகள். 400 படம் என்றால் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது படங்கள். கதாநாயகனுக்கு இது மலைக்க வைக்கும் எண்ணிக்கை. குணச்சித்திர நடிகருக்கு, தொடர்ந்து அழைப்பு வருகிறது என்பதன் அடையாளம் மட்டுமே.

சரி, பக்கவாத்தியம் என்று சொன்னதைக் காட்டியாக வேண்டும். இரண்டு படங்கள் போதும்.

‘சிந்து பைரவி’ (1985) படத்தில் அவர் நிஜமாகவே பக்கவாத்தியக்காரர்: மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார். பாடகர் ஜே.கே.பி. அதைக் கண்டுபிடித்து, மிருதங்கம் இல்லாமலே பாடிக்கொள்கிறேன் என்று அவரை மேடையைவிட்டு அனுப்பிவிடுகிறார். படத்தின் பிற்பகுதியில் குடியில் விழுவது அதே ஜே.கே.பி. தொடக்கத்தில் குருமூர்த்தி பட்ட அவமானம் பார்ப்பவர் மனதில் தைத்திருந்தால்தான் பின்னால் வரும் வீழ்ச்சிக்குக் கனம் கிடைக்கும். அதை ஆர்ப்பாட்டமாக நடித்திருந்தால் காட்சி அவருடையதாகியிருக்கும்; கதை ஆட்டம் கண்டிருக்கும். அவர் அடக்கி வாசித்தார்.

‘நாயகன்’ (1987) படத்து ஐயர் இன்னொரு வகை. கமல் ஹாசன் நடித்த வேலு நாயக்கருக்கு இந்தி வராது. மும்பையில் தொழில் செய்ய வேண்டும். ஐயர்தான் மொழிபெயர்க்கிறார். ஒரு தாதா பக்கத்தில் பயந்த சுபாவமுள்ள ஒரு மனிதர், இரண்டு தரப்பின் சொல்லையும் வாயில் வாங்கிக்கொண்டு நடுவில் நிற்கிறார். கமல் ஹாசனின் அமைதி மிரட்டலாகத் தெரிவதற்கு, அந்தச் சொற்களைப் பிறருக்கு எடுத்துச் சொல்பவரின் படபடப்பும் ஒரு காரணம். கமல் தன் படங்களுக்கு அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதில் வியப்பில்லை. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவராகக்கூட வந்தார்.

‘காமெடி நடிகர்’ என்ற பெயர் சரியா?

பாதி சரி. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தின் சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயர், ‘அவ்வை சண்முகி’ (1996) படத்தின் சேதுராம ஐயர் ஆகிய இரண்டும் இன்றும் மீம்களில் உயிரோடு இருப்பதால் இளைய தலைமுறை அவரை அப்படித்தான் அறிகிறது. ஆனால் அவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு வாங்கித் தந்த படம் ‘பசி’ (1979). துரை இயக்கியது. சென்னைக் குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா இழுக்கும் தகப்பனாக நடித்தார். மகளாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அப்போது கணேஷுக்கு 35 வயதுகூட முழுசாக ஆகியிருக்குமோ என்னவோ, அந்த வயதில் வளர்ந்த பெண்ணின் அப்பா வேடம். இளமையிலேயே அப்பாவாகிவிட்டவருக்குப் பின்னால் வயது ஒரு பிரச்சினையாகவே வரவில்லை.

பேச்சு வழக்கைக் கவனியுங்கள். ‘பசி’யில் சென்னைக் குப்பத்துத் தமிழ். மணி ஐயருக்குப் பாலக்காட்டுத் தமிழ், மலையாள ராகம் கலந்து இழுக்கும் பேச்சு. சேதுராம ஐயருக்குச் சென்னை அக்ரகாரத் தமிழ். கடைசி இரண்டையும் வெளியூர்க்காரர்கள் ஒன்றென்று நினைப்பார்கள், ஆனால் வாக்கியம் ஏறி இறங்கும் விதமே வேறு. தாமிரபரணிக் கரைப் பக்கத்துப் பிள்ளை, பத்தாண்டு இந்தி கேட்ட காது, இவற்றுக்கு நடுவே அந்தந்த ஊர் நாக்கைப் பிடித்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அவரைப் பிரபலமாக்கிய இந்த வேடங்கள் எதிலும் அவர் பிறந்த மண்ணின் நெல்லைத் தமிழ் இல்லை.

சின்னத்திரை எங்கே வருகிறது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒரே ஒரு சேனல். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை திரைப்படம் போல, செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கும் வீடு வீடாகக் கூட்டம் உட்காரும். அந்த நாடகங்களுக்குச் சபா நடிகர்கள் கச்சிதமாகப் பொருந்தினார்கள்: ஒரே அறை, நிறைய வசனம், குறைந்த நாள் படப்பிடிப்பு. ஆனால் அதே தொலைக்காட்சிதான் சபா நாடகத்தின் கூட்டத்தையும் மெல்ல மெல்ல வீட்டோடு நிறுத்தியது.

1993-இல் சன் டிவி வந்தபிறகு வாரத் தொடர், அப்புறம் தினத் தொடர் என்று வேலை பெருகியது. டெல்லி கணேஷ் சினிமாவை விடாமலே தொடர்களிலும் நடித்தார். தினத் தொடரில் வசனப் பக்கம் படப்பிடிப்பு நாளன்று காலையில்தான் கைக்கு வரும் நிலைமை உண்டு. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பதும் நடக்கும். அதைப் பிராம்ப்டிங் என்பார்கள். காதில் ஒரு குரல் விழுந்துகொண்டிருக்கும்போதே, சொந்தமாக யோசித்துப் பேசுவது போல முகம் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. ஒத்திகை பார்த்துப் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டலாம், ஆனால் வசனத்தை ஒரு தடவை கேட்டதும் அதன் நெளிவு சுளிவு பிடிபடுகிறவர்கள் அவர்கள்தான்.

முகம் இல்லாத வேடம்

அதிகம் பேசப்படாத ஒன்று பாக்கி இருக்கிறது. தமிழ்ப் படங்களில் படப்பிடிப்பின்போது பேசிய வசனத்தை அப்படியே வைக்காமல், பிறகு ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்வதுதான் நெடுங்காலப் பழக்கம். அதனால் ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது சுலபம். வேற்றுமொழி நடிகர்கள் தமிழில் நடிக்கும்போது இது கட்டாயமாகிவிடும். தொங்கும் மைக்குக்குப் பேசிப் பழகிய சபா குரல்களுக்கு டப்பிங் அறையில் நல்ல மரியாதை இருந்தது. டெல்லி கணேஷும் அந்த வேலை செய்தார்.

பாலசந்தர் இயக்கிய ‘47 நாட்கள்’ (1981) படத்தில் கதாநாயகியைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் வதைக்கும் கணவனாக வருபவர் சிரஞ்சீவி. முகம் அவருடையது, தமிழ் டெல்லி கணேஷுடையது. படத்தை இப்போது பார்க்கிறவர்கள் ஏதாவது ஒரு காட்சியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். மணி ஐயரின் இழுப்பும் ரிக்‌ஷாக்காரரின் சலிப்பும் அதில் துளியும் கிடையாது, ஆனால் ஆள் யாரென்று ரெண்டு வசனத்தில் பிடிபட்டுவிடும்.